திண்டுக்கல் மலைக்கோட்டை

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போகும்போது, ஊருக்கு மேலே நிற்கும் அந்த மொட்டைப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்துகொள்ளும் திண்டு போல இருப்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். தரையிலிருந்து சுமார் 280 அடி உயரம்தான். அதைப் பிடிக்க எத்தனை படைகள் மோதியிருக்கின்றன!

உச்சியில் நின்றால் காரணம் விளங்கிவிடும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு இறங்கும் பாதை இந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது. மதுரையைக் காக்க வேண்டுமானால் இந்தப் பாறை கையில் இருக்க வேண்டும்.

1605-ல் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் இங்கே கோட்டை எழுப்பினார். பிறகு திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். 1755-ல் மைசூர் அரசு இங்கே பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பியவர் ஹைதர் அலி. அப்போது அவர் வெறும் படைத்தலைவர்தான். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை அமைத்தார், படையைப் பெருக்கினார். மைசூரையே ஆளும் பலம் அவருக்கு இந்தத் திண்டுக்கல்லில்தான் திரண்டது என்பேன்.

1772-ல் காளையார்கோயிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தச் சீமைக்குத்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரித்தார், ஹைதர் அலி துணை நின்றார். 1780-ல் சிவகங்கையை நாச்சியார் மீட்டார். பின்னாளில் தங்களை எதிர்த்த அந்தக் கோபால நாயக்கரை 1801-ல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். மலையடிவாரத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்புதான்.

இதற்கிடையே கோட்டையும் பலமுறை கைமாறியது. ஆங்கிலேயர் அதை ஹைதர் அலியிடமிருந்து 1767-ல் பிடித்தார்கள், மறு வருஷமே இழந்தார்கள். 1783-ல் மறுபடி பிடித்து, அடுத்த வருஷம் உடன்படிக்கைப்படி ஹைதர் அலியின் மகன் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மூன்றாவது முறையாகப் பிடித்தார்கள். திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கைக்குப் பிறகு மைசூர்க் கொடி இங்கே ஏறவில்லை.

ஒரு தடவை போய்ப் பாருங்கள். பாறையிலேயே வெட்டிய படிகள், கால் வலிக்காத தாழ்ந்த படிகள். மேலே மழைத்தண்ணீர் தேங்கும் சுனைகள். கிணறு தோண்ட முடியாத பாறையில் காவல் படைக்கு உயிர்த்தண்ணீர் அதுதான். பீரங்கி மேடைகளைத் தாண்டினால் உச்சியில் அபிராமி அம்மன் கோயில். தூண்களில் சிற்பங்கள் இருக்கின்றன, கருவறையில் அம்மன் இல்லை. போர்க்காலத்தில் கீழே கொண்டுபோனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இன்று ஊருக்குள் இருக்கும் கோயிலில்தான் அவளுக்குப் பூஜை.

காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.