மின்சாரச் சிக்கனம்: ஊராட்சியின் கடமை
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மீஞ்சூர் வட்டாரத்தில் அத்திப்பட்டைச் சுற்றியுள்ள நமக்கு அனல்மின் நிலையம் புதிதன்று. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் உள்ளது. மின்சாரம் தொலைதூரம் செல்கிறது. சாம்பலோ இங்கேயே தங்குகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குறைந்த துயரத்தை நம் மீனவர் நன்கறிவர்.

அனல் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அதில் ஏறக்குறைய கால் கிலோ சாம்பலாகிறது.

மின்சாரத்தை விற்பவரே சிக்கனத்தை வற்புறுத்துவானேன் என்று சிலர் ஐயுறலாம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேற்றும் வேளையில் தேவை உச்சத்தை எட்டுகிறது. அதற்கென அதிக விலைக்கு மின்சாரம் வாங்கவோ, புதிய நிலையம் கட்டவோ வேண்டும். அதைவிட, சிக்கனமான சாதனங்களை மக்களுக்கு மலிவாகக் கொடுப்பது லாபம். அமெரிக்காவில் வீட்டின் வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் கருவிகளை மின் நிறுவனங்கள் சலுகையில் தருவது இதனாலேயே. நம் நாட்டில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியே 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் வழங்கப்பட்டன. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது.

இனி நம் தெருக்களுக்கு வருவோம். பழைய 40 வாட் குழல்விளக்கு, சோக்குடன் சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு பொருத்தினால், இரவு 12 மணி நேரத்தில் 100 விளக்குகளுக்கு 36 யூனிட் மீதமாகும். மாதத்திற்கு 1,080 யூனிட்! அதற்குரிய கட்டணம் ஊராட்சி நிதியிலேயே நிற்கும். கால் டன் சாம்பலும் குறையும். ஆனால் பொழுது விடிந்தும் விளக்கை அணைக்காது விட்டால், இப்பயனில் ஒரு பகுதி வீணாகும்.

விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமாயிற்றே என்பார்க்கு ஒரு சொல்: இலவச மின்சாரத்திற்கும் சாம்பல் உண்டு. கசியும் புட்வால்வும், தேவைக்கு மிஞ்சிய மோட்டாரும் மின்சாரத்தை விரயமாக்குகின்றன; நிலத்தடி நீரைக் கவனியாது இறைத்தால் உப்பும் ஏறும்.

ஆகவே, இவ்வாரமே ஒவ்வோர் ஊரிலும் பழைய விளக்குகளை எண்ணுவோம். மாற்றும் தீர்மானத்தைக் கிராம சபையில் நிறைவேற்றுவோம். மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் மீட்டரைக் குறித்து மக்கள் முன் வைப்போம். சேமித்த ஒவ்வொரு யூனிட்டும் நம் கழிமுகத்திற்கு நாம் செய்யும் தொண்டாகும்.