மேலூரும் கீழூரும்



ஓசூர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஆலைகள். அவ்வூருக்கு ஓர் ஆறும் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்று வழங்கப்பெற்று, ஓசூருக்கு அருகே தமிழகத்துள் புகுந்து, கடலூருக்கு அருகே கடலோடு கலக்கும் தென்பெண்ணைதான் அந்த ஆறு. அதன் கரையோரமாக இரண்டு நாட்கள் சுற்றி வந்தேன். அங்கே கண்டதையும் எண்ணியதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் நாள் காலையில் சந்திரசூடேசுவரர் கோயில் கொண்ட குன்றின்மேல் ஏறினேன். ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் ஆகையால், வெயில் ஏறிய பின்னும் காற்றில் குளிர்ச்சி இருந்தது. கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புதிய ஊர் என்று பொருள். பெயர்தான் புதிது, ஊர் பழையது. மைசூர்ப் போர்களில் படைகள் மாறி மாறிக் கைப்பற்றிய இடம் இது. அருகே மத்திகிரியில், கும்பினியாரின் படைக்குதிரைகளுக்காக 1824ஆம் ஆண்டில் தோன்றிய பண்ணை, பின்னர்க் கால்நடைப் பண்ணையாயிற்று. 1878ஆம் ஆண்டில் இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் பக்கத்திலேயே இருக்கிறது. கடைத்தெருவில் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒருங்கே காதில் விழும்.

குன்றின் மேலிருந்து பார்த்தால் இரண்டு உலகங்கள் தெரிகின்றன. ஒருபுறம் ஆலைக் கூரைகள். 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தபின் எழுந்த தொழிற்பேட்டை அது. 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி இவ்வூரில் செய்யப்பட்டதுதான். அசோக் லேலண்டு லாரிகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாயின. மறுபுறம் செம்மண் வயல்கள். கேழ்வரகு, கொள்ளு, அவரை ஆகிய பழம்பயிர்கள். தக்காளி, முட்டைக்கோசு, குடைமிளகாய் ஆகிய சந்தைப் பயிர்கள். பசுமைக்குடில்களுக்குள் அயல்நாடுகளுக்குச் செல்லும் ரோஜா மலர்கள். இவ்விரண்டு உலகங்களுக்கும் உறவு என்ன? அதை அறிய ஆற்றை நோக்கி நடந்தேன்.

கெலவரப்பள்ளி அணைக்கு நான் சென்றபோது இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மதகுகளுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஏதோ குவிந்து கிடந்தது. பஞ்சோ என்று ஐயுற்றேன். அருகே சென்றதும் நாற்றம் உண்மையைச் சொல்லிற்று. அது நுரை. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் நாம் பயன்படுத்தும் சலவைப்பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. அவை கலந்த நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு மோதும்போது நுரை பொங்குகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இவ்வாற்றில்தான் வந்து சேர்கிறது. வீட்டுக் கழிவும் தொழிற்கழிவும் கலந்து, பெல்லந்தூர் ஏரியின் மேற்பரப்பில் 2017ஆம் ஆண்டில் தீயே மூண்டது என்றால், அந்நீரின் தன்மையை நீங்களே உணரலாம்.

கரையோரம் கீரைப்பாத்தியில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முன்பெல்லாம் மேற்கே மின்னினால் மகிழ்வோம், ஐயா. இப்பொழுது மின்னினால், நாளைக்கு நுரை வருமோ என்று அஞ்சுகிறோம்" என்றார் அவர். "ஆலைகள் வந்ததால்தானே இந்த நிலை?" என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். "என் மகன் ஆலையில்தான் வேலை பார்க்கிறான். அவன் சம்பளத்தில்தான் இந்தக் கிணற்றை ஆழப்படுத்தினேன். ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கச் சொல்லாதீர்கள்" என்றார்.

அச்சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. மறுநாள் மேட்டுநிலத்தை விட்டிறங்கி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரிக்குச் சென்றேன். 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற பாராமகால் நாட்டைச் சேர்ந்த ஊர் இது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இப்பகுதி நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். உழவரிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேர் கொண்டது. நிலத்தை அளந்து, இது உனது, இது எனது என்று எழுதிவிடலாம். ஓடும் நீரை அப்படிப் பிரித்து எழுத முடியுமா?

காமராசர் முதலமைச்சராயிருந்தபோது பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணை, ஏறக்குறைய 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது. சுற்றிலும் மாந்தோப்புகள். தோத்தாபுரி என்னும் மாவகைக்கு இங்கே வழங்கும் பெயர் 'பெங்களூரா'. அக்கனியைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் பல இம்மாவட்டத்தில் உள்ளன. கனியைக் கழுவ அந்த ஆலைகளுக்கும் தூய நீர் வேண்டும். ஆகவே, தூய ஆறு உழவருக்கு மட்டும் உரிய தேவையன்று. ஆலைக்கும் அதுவே மூலதனம்.

வாய்க்கால் ஓரத்தில் ஓர் உழவர், "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று என்னை வினவினார். "ஓசூரிலிருந்து" என்றேன். "அப்படியானால் நீங்கள் மேலூர்க்காரர்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் நான் ஓசூர் விடுதியில் சோப்பிட்டுக் குளித்த நீர் எங்கே சென்றது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்தவனல்லன். கெலவரப்பள்ளியில் பெங்களூரைக் குறை கூறிய நான், கிருஷ்ணகிரியில் குறை கூறப்பட வேண்டியவனாக நின்றேன். கிருஷ்ணகிரிக்கும் கீழே சாத்தனூர் அணை உண்டு. அதற்கும் கீழே கடலூர் வரை ஊர்கள் உண்டு. ஆற்றங்கரையில் வாழும் ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கீழூரார், மற்றொருவருக்கு மேலூரார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு முதல் பெங்களூரின் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறார்கள். சுத்திகரிப்பு இன்னும் மேம்பட வேண்டும் என்று கூறுவோர் உண்டு, அக்கூற்றும் கருதத்தக்கதே. எனினும், கழிவென்று தள்ளியதையும் ஏரிக்கு நீராக்க முடியும் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

மாணவ நண்பர்களே! நாளை உங்களில் சிலர் ஆலைகளை நடத்துவீர்கள். சிலர் நகரங்களை ஆளுவீர்கள். சிலர் ஏர் பிடிப்பீர்கள். எத்தொழிலை மேற்கொண்டாலும், உங்கள் வீட்டுச் சாக்கடை எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆற்றின் கீழ்க்கரையிலும் ஒரு கீரைப்பாத்தி இருக்கும். அங்கே ஒரு பெரியவர் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். மின்னலைக் கண்டு அவர் மீண்டும் மகிழும் நாள் வரவேண்டும்.