பிறநாட்டு மொழிக் கல்வியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பிறநாட்டு மொழிகளைப் பல்கலைக்கழகத்திற் கற்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி பணிக்கப்பட்டுள்ளோம். களனிப் பல்கலைக்கழகத்திலே பிரெஞ்சு, ஜேர்மன், ருஷ்யம், சீனம், யப்பானியம் முதலிய மொழிகள் பட்டப்படிப்புக்குரிய பாடங்களாக உள்ளன. ஆயினும், நம்மவருள் ஒருவர் ஜேர்மன் படிக்கப்போவதாகச் சொன்னால் வீட்டில் இரண்டு தடைகள் எழுகின்றன. "அதைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பது ஒன்று. "சொந்த மொழியையும் சமயத்தையும் மறந்துவிடுவாய்" என்பது மற்றையது.

இரண்டாவதை முதலில் ஆராய்வோம். நல்லைநகர் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்றவர், அங்கேயே ஆசிரியராயிருந்தவர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அவர் சைவத்தை மறந்தாரா? 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854 இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, எதிர்த்தவருடைய வேதநூலையே எடுத்துக்காட்டி விடை கூறினார். மிஷன் பாடசாலைகளிற் படித்த நம்மிற் பலருக்கு இது நல்ல வழிகாட்டி. தன் வீட்டில் உறுதியாக நிற்பவனுக்குப் பிறமொழி கருவியாகும். நில்லாதவனையே அது இழுத்துச் செல்லும்.

இனிப் பிறநாட்டார் செய்ததைப் பாருங்கள். 1820 இற் பிறந்த போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1900 இல். அப்போது அவருக்கு வயது 80. ஜேர்மானியரான ஷோமெருஸ் 1912 இற் சைவசித்தாந்தம் பற்றித் தம் மொழியிற் பெருநூல் எழுதினார். சைவக் கிரியைகளை விளக்கும் சோமசம்பு பத்ததியை எலென் புருன்னர் அம்மையார் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, 1963 முதல் 1998 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். நமது பொருளைப் பற்றிய நூல்கள் இவை. இவற்றுள் எது சரி, எது பிழை என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் வல்லோம்? படிக்கத் தெரியாத நூலை மெச்சவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

1983 இன் பின்னர் நம்மவர் பெருந்தொகையாக ஐரோப்பாவிற் குடியேறினர். ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்திற்கு 2002 இற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அங்கே பிறந்த பிள்ளை, "அருள் என்றால் என்ன?" என்று ஜேர்மன் மொழியிலே கேட்டால் யாது சொல்வோம்? 'க்னாடெ' என்ற சொல் உண்டு. ஆனால் அது கிறித்தவ சமயத்திலே பாவமன்னிப்போடு பிணைந்து வளர்ந்த சொல். ஆன்மாவைப் பற்றிய மலத்தை நீக்கும் சிவசத்தியை அது முழுதும் உணர்த்துமா? கடைத்தெருவிற் பேசுமளவு மொழியறிவு இவ்விடத்திற் போதாது. அம்மொழியின் இலக்கணம், இலக்கியம், அதைப் பேசுவோரின் சமய வரலாறு என்பனவும் தெரியவேண்டும். பல்கலைக்கழகக் கல்வி வேண்டுவது இதற்காகவே.

உத்தியோகம் பற்றிய கேள்வியை நாம் இகழவில்லை. வயலை ஈடுவைத்துப் படிப்பிக்கும் தகப்பனார் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? மொழிபெயர்ப்பிலும், உல்லாசப் பயணத் துறையிலும், வெளிநாட்டு வணிகத்திலும் இடமுண்டு. ஆனால் அரைகுறையாகக் கற்றவனுக்கு அங்கும் இடமில்லை. பட்டத்துக்காக மட்டும் படிப்பவன் தந்தையின் கேள்விக்கும் விடை சொல்லமாட்டான், அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் விடை சொல்லமாட்டான்.

நமது சங்கம் ஒன்று செய்யலாம். பிறமொழி கற்கச் செல்லும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் நூல்கள் வாங்க உதவுவோம். கைம்மாறாக அவர், தாம் கற்ற மொழியிற் சைவம் பற்றி எழுதப்பட்டதொன்றை, நாவலர் குருபூசைத் தினத்தில் இதே மேடையிலே தமிழில் எடுத்துரைக்கட்டும். சரியானதைச் சரியென்றும் பிழையானதைப் பிழையென்றும் அன்று கேட்டறிவோம். இதனை அடுத்த நிருவாகசபைக் கூட்டத்திற் பிரேரணையாகக் கொண்டுவருமாறு பெரியோர்களைப் பணிவுடன் வேண்டி அமைகின்றோம்.