ஊசியா? கணக்கு நோட்டா?



நான் ஒரு லேப் டெக்னீஷியனுங்க ஐயா. எதிரணியில பேசின தம்பி, "நல்ல ஊசி வந்துட்டா போதும், நோயைக் கணக்கெடுத்து என்ன ஆகப்போகுது?"ன்னு கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அவரைக் கொஞ்சம் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

மேற்கே செனகல்ல ஆரம்பிச்சு கிழக்கே எத்தியோப்பியா வரைக்கும் 26 நாடுகள். 'மெனிஞ்ஜைட்டிஸ் பெல்ட்'னே அதுக்குப் பேரு. மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கிற சவ்வுல பாக்டீரியா புகுந்து வர்ற காய்ச்சல் அது. டிசம்பர்ல புழுதிக்காத்து ஆரம்பிச்சா ஜூன் வரைக்கும் பெத்தவங்க வயித்துல நெருப்பு. இன்னிக்குத் தலைவலின்னு சொன்ன பிள்ளை நாளைக்கு இல்லாமப் போயிடும். பிழைச்சாலும் சில பிள்ளைகளுக்குக் காது போயிடும். 1996, 97-ல ரெண்டரை லட்சம் பேருக்கு வந்து 25,000 பேர் செத்தாங்க ஐயா!

அப்போ ஊசி இல்லையா? இருந்துச்சு. ஆனா அதோட பலம் சில வருஷம்தான். சின்னக் குழந்தைக்குச் சரியா வேலையும் செய்யாது. நல்ல ஊசியா, அரை டாலருக்குள்ள வேணும்னு அந்த நாட்டுக்காரங்க கேட்டாங்க. செஞ்சு கொடுத்தது யாரு? நம்ம புனே சீரம் இன்ஸ்டிடியூட்! (கைதட்டல்) 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோவுல தொடங்கினாங்க. 2017-க்கு அப்புறம் அந்தப் பகுதியில 'ஏ' வகைக் கிருமின்னு உறுதியான ஒரு கேஸ்கூட இல்லை.

தம்பி சிரிக்கிறார், 'அக்கா நம்ம பக்கம் பேசறாங்களே'ன்னு. பொறுங்க தம்பி.

2015-ல நைஜர் நாட்டுல 'சி' வகை கிளம்பிச்சு. 8,000 பேருக்கு மேல படுத்துட்டாங்க. 'ஏ'க்குப் போட்ட ஊசி 'சி'யை என்ன செய்யும்? 'சி'க்கான ஊசியோ உலகத்துலயே கையிருப்பு பத்தலை.

வந்தது 'சி'ன்னு எப்படித் தெரிஞ்சுது? நோயாளியோட முதுகுத் தண்டுல நீர் எடுத்து, லேப்ல சோதிச்சாத்தான் தெரியும். லட்சம் பேர்ல வாரத்துக்கு 3 பேர்னா உஷார். 10 பேர்னா கொள்ளைநோய். எங்கேயோ ஒரு குக்கிராமத்து நர்ஸம்மா வாராவாரம் நோட்டுல எழுதலைன்னா அந்த 3 யாருக்குங்க தெரியும்? 10 ஆன பிறகு ஊசியைத் தேடி ஓட வேண்டியதுதான்.

இப்போ ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ்னு அஞ்சு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி. அதுவும் புனேதான். 2024-ல நைஜீரியா முதல்ல போட ஆரம்பிச்சுது. எந்த அஞ்சுன்னு ஊசி செஞ்சவங்களுக்குச் சொன்னது யாரு ஐயா? அதைத் தம்பிகிட்ட நீங்களே கேளுங்க. நான் உட்கார்றேன்.