கைத்தறியும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவம் எதுவுமன்று. நாம் உடுக்கும் துணி, நாம் விரிக்கும் பாய், அவற்றைச் செய்யும் கைகள் என்பனவே அப்பொருள். எட்டத்தில் உள்ளதைப் பற்றி வியந்து பேசுவது எளிது. கூப்பிடு தூரத்தில் உள்ளதைப் பற்றிப் பேசப் புகுந்தால், “இதற்கு நீ செய்தது என்ன?” என்ற கேள்வியும் கூடவே எழுகின்றது. அக்கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

கல்முனைக்குடியிலிருந்து வடக்கே கல்முனைப் பட்டினத்தையும் பாண்டிருப்பையும் கடந்தால் மருதமுனை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறித் தொடுத்த மாலை போன்றது எங்கள் கடற்கரை. அம்மருதமுனையின் பெயர் இலங்கை முழுவதும் கைத்தறியால் அறியப்படுவது. சாறனும் சேலையும் அங்கே வீட்டுத் தறிகளில் நெய்யப்பட்டு வந்துள்ளன. இக்கரையின் வீடுகளில் பெண்கள் பன்பாய் இழைத்தும் குடும்பத்துக்குக் கைகொடுத்துள்ளனர். பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, விரல்களாலேயே இழைக்கும் தொழில் அது. பிளாஸ்டிக் பாய் வந்த பின்னர் அத்தொழிலின் சந்தை சுருங்கியது. தறியின் நிலையும் அதற்கு அதிகம் வேறன்று.

அன்பர்களே! ஒரு கைத்தறிச் சேலையின் விலையைக் கேட்டவுடன் “இவ்வளவா?” என்று நாம் புருவத்தை உயர்த்துகின்றோம். சற்றே கணக்குப் பார்ப்போம். அங்குலத்துக்கு 60 இழை வீதம் 45 அங்குல அகலமான துணி என்று வைத்துக்கொண்டால், பாவில் மட்டும் 2,700 இழைகள் இருக்கும். தறியைப் புதிதாக ஏற்றும்போது ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடையிலும் கையால் கோக்க வேண்டும். பழைய பாவின் மிச்சம் தறியில் இருந்தால், அதன் நுனிகளோடு புதிய நுனிகளை ஒன்றொன்றாகப் பிணைக்க வேண்டும். ஓரிழை மாறினாலும் துணி நெடுகக் கோடு விழும். இனி ஊடையைப் பார்ப்போம். 6 யார் சேலை என்பது 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்றால், நாடா 12,960 தடவை அங்குமிங்கும் ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். இதற்கு முன்னதாகவே நூலுக்குச் சாயமேற்றுதலும், பாவு ஓட்டுதலும், தார் சுற்றுதலும் முடிந்திருக்க வேண்டும். அவ்வேலைகளைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோரும் செய்கின்றனர். அவர்களுடைய உழைப்பு கூலிக் கணக்கில் தனியே எழுதப்படுவது அரிது. இவ்வளவையும் அறிந்த பின்னரும் நம் புருவம் உயருமா?

வீட்டில் தறி வைத்து நெய்பவனைச் சுயதொழிலாளி என்று சொல்லுகின்றோம். ஆலைச் சங்கு அவனை எழுப்புவதில்லை. மேற்பார்வையாளன் அவன் முதுகுக்குப் பின்னே நிற்பதில்லை. தறி அவனுடையது, திறமையும் அவனுடையது. எனினும் அவன் உண்மையில் சுதந்திரன்தானா? நூல் அவனுடையதன்று. நம் நாட்டுத் தறிகளுக்கு வேண்டிய பருத்தி நூல் பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றது. விலையும் அவன் கையில் இல்லை. நூலைக் கடனாகக் கொடுப்பவரே துணியையும் வாங்குபவராக இருந்தால், இரண்டு பக்க விலையையும் அவரே நிர்ணயிப்பார். ஆகவே, நெசவாளன் தறிக்கு எசமானனாய் இருந்தும் தன் உழைப்பின் விலைக்கு எசமானனாய் இல்லை. இன்று யாம் சொல்ல வந்த கருத்து இதுவே. அவனுடைய சுதந்திரம் அவன் கைத்திறனால் மட்டும் நிலைப்பதன்று. வாங்குகின்ற நம்முடைய நேர்மையும் அதற்கு வேண்டும்.

கைத்தறி பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 1733இல் ஜோன் கே என்னும் ஆங்கிலேயர் ஓடும் நாடாவைக் கண்டுபிடித்தார். அது கைத்தறிக்குத் துணையாயிற்று. 1785இல் கார்ட்ரைட் என்பார் விசைத்தறிக்கு வழிகோலினார். அதன்பின் லங்காஷயர் ஆலைத் துணிகள் உலகெங்கும் கைத்தறியை நெருக்கின. நம் நாட்டில் 1977இல் இறக்குமதிக் கதவுகள் அகலத் திறந்தபோது, மலிவான துணிகள் வந்து குவிந்தன. நாடெங்கும் ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன. 1980களிலும் 1990களிலும் இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட துயரத்தைப் பெரியோர் அறிவர். அயலூருக்குத் துணி விற்கப் போகும் வழியும் அக்காலத்தில் அச்சத்தின் வழியாயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் அழிந்தன. மருதமுனையில் வீட்டோடு தறியும் போயிற்று. பின்னர் 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதியாகும் நூலுக்கும் சாயத்துக்கும் அச்சுமை முழுவதும் ஏறிற்று. இத்தனைக்கும் பிறகு ஒருவன் தறியில் அமர்ந்து நெய்கின்றான் என்றால், அவனுடைய மனவுறுதியை என்னென்பது!

கைத்தொழிலைத் தாழ்வென்று எண்ணும் எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? நம் சமய மரபிலிருந்து அது வரவில்லை. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் நேச நாயனார் நெசவுத் தொழிலினர். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்கு அளித்தமையே அவர் செய்த தொண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் தம்மவர் என்று உரிமை பாராட்டும் கபீர்தாசர் காசியில் நெசவுக் குடும்பத்தில் வளர்ந்தவர். மிஷன் பாடசாலையில் படித்த நம்போன்றோர் கூடாரம் செய்து பிழைத்த பவுலடிகளையும் அறிவோம். ஞானிகள் கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதவில்லை. உத்தியோகத்தை மட்டுமே நாடிய கல்வியிலிருந்தே அவ்வெண்ணம் நம்மைப் பற்றிக்கொண்டது.

இதனை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்து எச்சரித்தவர், கொழும்பிலே 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. மண்ணியல் ஆராய்ச்சிக்காகக் கிராமம் கிராமமாகச் சென்ற அப்பெருமகன், அங்கே கைவினைஞரைக் கண்டார். அவர்களுடைய கலை அழிந்துவரும் நிலையையும் கண்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். தமிழ்க் குடியிற் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைஞருக்காக அத்துணை பாடுபட்டாரே! அவ்வாறாயின், ஒரே மொழி பேசி ஒரே சாலையில் நடக்கும் அயலூர் முஸ்லிம் நெசவாளருக்காக நாம் சிந்திப்பது பெரிய காரியமா?

“கைத்தறி விலை அதிகம், ஏழை எப்படி வாங்குவான்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அன்றாடங் காய்ச்சியை ஆலைத் துணி வாங்காதே என்று யாம் சொல்ல மாட்டோம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தாராளமாகச் செலவிடும் நம் குடும்பங்களைப் பற்றியே பேசுகின்றோம். மேலும், நெசவாளன் மகன் நெசவே செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாம் உபதேசிப்பதும் முறையன்று. அவன் பிள்ளையும் நம்மைப்போல் படிக்கட்டும். விரும்பித் தறியில் அமர்பவனுக்கு அத்தொழில் சோறு போட வேண்டும். அவ்வளவே நம் விருப்பம்.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை? முதலாவது, கைத்தறித் துணியைக் கடன் சொல்லாமலும், வீண் பேரம் பேசாமலும் வாங்குதல். நாம் குறைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவும் தார் சுற்றிய மூதாட்டியின் கூலியிலிருந்தே குறைகின்றது. இரண்டாவது, நம் படிப்பை அவர்களுக்குப் பயன்படுத்துதல். தனித்தனியே நூல் வாங்குபவர் ஏமாறுவர். கூடி வாங்குபவர் பிழைப்பர். தமிழ்நாட்டில் 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்னும் பெயரில் நிலைத்து நிற்கின்றது. நம் நாட்டில் கைவினைப் பொருள்களை விற்பதற்கு லக்சல நிறுவனம் 1964இல் தோன்றியது. கூட்டுறவுக்குக் கணக்கெழுதவும், விண்ணப்பம் எழுதவும், கைத்தொலைபேசி மூலம் தூரத்து ஊர்களில் நேரடியாக வாங்குவோரைத் தேடிக் கொடுக்கவும் கற்ற வாலிபர் வேண்டும். வர்த்தகமும் கணக்கியலும் படிக்கும் நம் அங்கத்தவர்களுக்கு இது எட்டாத வேலையன்று.

மூன்றாவது, இச்சபையிலேயே தொடங்கக்கூடியது. நம் விழாக்களில் அறிஞர்களுக்கும் விருந்தினர்க்கும் பொன்னாடை போர்த்துகின்றோம். கடையில் வாங்கும் மினுமினுக்கும் செயற்கை இழைத் துணி அது. வீட்டுக்குக் கொண்டு போனவர் அதனை மீண்டும் உடுத்துவதில்லை. பெட்டியில் கிடந்து மங்கும். அதற்குப் பதிலாக, மருதமுனைத் தறியில் நெய்த ஒரு சால்வையை, நெய்தவரிடமே காசு கொடுத்து வாங்கிப் போர்த்தினால் என்ன? பெறுபவர் அதனை உடுத்துவார். நெய்தவர் வீட்டில் அன்று உலை கொதிக்கும். பெரியோர் சம்மதித்தால், இதனை ஒரு தீர்மானமாக இச்சபையில் முன்மொழிய விரும்புகின்றோம். அடுத்த விழாவுக்கு வேண்டிய சால்வைகளை முன்கூட்டியே சொல்லி, முற்பணமும் கொடுத்து வைப்போமாயின், நெசவாளர் கடன்படாமல் நூல் வாங்குவர்.

தீர்மானம் சிறியதுதான். ஆயினும் ஊர் தோறும் உள்ள சங்கங்களும், கோயிற் சபைகளும், பாடசாலைகளும் இவ்வாறே செய்தால், எத்தனை தறிகளுக்கு வேலை கிடைக்கும் என்பதைப் பெரியோர் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.