மருந்துக்கு அடங்காத பிரஷரும் இரவுக் குறட்டையும்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் குறட்டையைப் பற்றியா பேச வந்தாய் என்று மூத்த அக்காமார் சிலர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களின் கிளினிக் கொப்பிகளில் பிரஷர் குளிசைகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போவதைக் காணலாம். சிறுநீர் போக்கும் குளிசை உட்பட மூன்று வகை மருந்துகளை முழு அளவில் எடுத்தும் அமுக்கம் இறங்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத உயர் குருதி அமுக்கம் என்கிறோம். அப்போது முதலில் கிடைப்பது ஏச்சு: "நீ குளிசை ஒழுங்காய்ப் போடுறதில்லை." சிலர் போடுவதில்லைதான். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும் என்று வராமலே விடுவோரும் உண்டு. ஆனால் ஒழுங்காகப் போட்டும் ஏச்சு வாங்குகிறவளுக்கு என்ன பதில்?

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இப்படிப்பட்ட 125 நோயாளரைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 64 வீதமானோருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருந்தது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது. நெஞ்சு உழைக்கிறது, காற்று போவதில்லை. ஒட்சிசன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அமுக்கம் ஏறுகிறது. கடுமையான நோயில் இது மணிக்கு 30 தடவைக்கு மேல் நடக்கும். அந்த இறுக்கம் பகலிலும் விடாது.

உப்புக்கும் இதில் பங்குண்டு. உடலில் உப்பும் நீரும் தங்கினால், பகலில் காலில் தேங்கும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை மேலும் ஒடுக்கும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுப்பவர்களையும், கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காதவர்களையும் நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

குண்டான ஆண்களின் நோய் இது என்று நினைத்துவிடாதீர்கள். தாடை சிறுத்த மெலிந்தவர்களுக்கும் வரும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் கூடுகிறது. பெண்கள் பலர் குறட்டையைச் சொல்லமாட்டார்கள். காலைத் தலையிடி, தீராத அசதி, தூக்கமின்மை என்றுதான் சொல்வார்கள். அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம்.

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீ-பாப் இயந்திரத்தை சிட்னியில் கொலின் சலிவன் உருவாக்கி 1981இல் அறிவித்தார். ஸ்பெயினில் மருந்துக்கு அடங்காத 194 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், 24 மணிநேரச் சராசரி அமுக்கம் சுமார் 3 மில்லிமீற்றர் குறைந்தது. கூடுதல் நேரம் அணிந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. பெரிய எண் இல்லைதான். 2016இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. அதில் இருந்தவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணிநேரமே அணிந்தார்கள். ஆகவே இயந்திரம் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்தவே கூடாது. அதன் விலையும் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது. உப்பைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, இரவில் சாராயத்தை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவற்றுக்குக் காசு வேண்டாம்.

நோயைக் கண்டுபிடிப்பதில் நம் லயத்துக் காம்பராவுக்கு ஒரு வசதி உண்டு, சொன்னால் வேதனையான வசதி. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுப்பதால், அம்மாவின் மூச்சு நின்று நின்று வருவது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

டொரொன்டோவிலும் லண்டனிலும் இருந்து அம்மாமாருக்குப் பிரஷர் மெஷின் வாங்கி அனுப்பும் தங்கைமாரே, அடுத்த தடவை பேசும்போது போனை அம்மாவுக்குப் பக்கத்தில் படுப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அதையும் டொக்டரிடம் காட்டி, தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கட்டும்.