ஒரு டன்னா, இரண்டு டன்னா?



ஏசி வாங்கக் கடைக்குப் போனால் காதில் விழும் முதல் சொல் டன். "ஒரு டன் என்றால் ஆயிரம் கிலோ ஆயிற்றே! நம் வீட்டுச் சுவர் தாங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம். நியாயமான கேள்விதான். இந்த டன் ஏசியின் எடை அல்ல. ஆனால் எடையிலிருந்து பிறந்த சொல்தான்.

ஏசி இல்லாத காலத்தில் ஐஸ்தான் குளிர்ச்சி தந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் கடற்கரை ஓரம் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து இங்கே வைத்து விற்றார்கள். பின்னாளில், 1897-இல், விவேகானந்தர் அந்தக் கட்டிடத்தில் தங்கினார். அதனால் அது இன்று விவேகானந்தர் இல்லம்.

ஐஸ் உருகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் என்பது 907 கிலோ. அவ்வளவு ஐஸ் ஒரு பகல், ஓர் இரவில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சும்? அதே அளவு சூட்டை ஒரு நாளில் வெளியேற்றக் கூடிய இயந்திரம்தான் ஒரு டன் ஏசி. வாட் கணக்கில் சுமார் 3,500 வாட். இது சூட்டை வெளியேற்றும் அளவு. மின்சாரம் இழுக்கும் அளவு வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கணக்கை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். வீடு புனே நகரில், கட்கியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான பாட்டி. மாடிக் கட்டிடம். இவர்கள் இருப்பது கடைசி மாடி. படுக்கும் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். மேற்கே ஒரு ஜன்னல். மே மாதம் பாட்டிக்குத் தூக்கம் இல்லை. கடைக்காரர் சொல்கிறார்: "இரண்டு டன் எடுங்கள். பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தவணையில் தருகிறோம்."

"ஏங்க, பெரிசு வாங்கினால் நல்லதுதானே?" என்று மனைவி கேட்கிறாள்.

நல்லது இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஏசிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, சூட்டைக் குறைப்பது. மற்றொன்று, காற்றில் உள்ள ஈரத்தை எடுப்பது. ஏசியின் பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டுகிறதே, அது அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். 1902-இல் அமெரிக்காவில் கேரியர் என்ற பொறியாளர் இந்த இயந்திரத்தை அமைத்ததே ஓர் அச்சகத்துக்காகத்தான். ஈரக் காற்றில் காகிதம் நீண்டும் சுருங்கியும் அச்சு மாறிப்போனது. மனிதருக்கு முன்னால் காகிதத்துக்குத்தான் ஏசி கிடைத்தது!

சிறிய அறையில் பெரிய ஏசியை வைத்தால் சூடு சட்டென்று குறையும். உடனே இயந்திரம் நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது இது நன்றாகத் தெரியும். அடிக்கடி நின்று நின்று கிளம்புவதால் இயந்திரமும் சீக்கிரம் தேயும். இன்வெர்ட்டர் ஏசி நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் தேவைக்கு மேல் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

மிகச் சிறியது வாங்கினாலும் தொல்லை. அது ஓய்வில்லாமல் ஓடும். மீட்டர் சுற்றும். அறை குளிராது.

அப்படியானால் எது சரி? கடைக்குப் போகும் முன் அறையை அளக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்க வேண்டும். இந்த வீட்டில் 12 பெருக்கல் 10, 120 சதுர அடி. சுமார் 120 சதுர அடி வரை ஒரு டன், சுமார் 180 வரை ஒன்றரை டன் என்பது பொதுவான கணக்கு. இது தொடக்கம்தான். கூரை மிக உயரமாக இருந்தால் கூடுதல் தேவை. ஆட்களையும் எண்ண வேண்டும். ஒருவர் சும்மா இருந்தாலே பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவு சூடு அவர் உடம்பிலிருந்து வரும். ஐந்து பேர் படுத்தால் 500 வாட். ஒரு டன்னில் ஏழில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

இந்த வீட்டில் பெரிய எதிரி மொட்டை மாடித் தளம். பகல் முழுதும் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதைக் கீழே விடுகிறது. புனே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் பகல் 38 டிகிரியைத் தொட்டாலும், இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சென்னையில் இந்தக் கொடுப்பினை இல்லை. வெளியே குளிர்ந்த காற்று வீச, பாட்டி உள்ளே வேகிறாள். கோளாறு தளத்தில்!

தளத்தைக் கணக்கில் சேர்த்தால் கடைக்காரர் ஒன்றரை டன் என்பார். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத் நகரத்தில் 2017 முதல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை பூசி வருகிறார்கள். கட்டிடத்தில் மற்றவர்களும் இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ படுதாவோ கட்டலாம். உள்ளே போடும் திரையைவிட இது நல்லது. கண்ணாடியைத் தாண்டும் முன்பே வெயில் தடுக்கப்படும். இவ்வளவும் செய்தால் இந்த அறைக்கு ஒரு டன் போதும்.

ஏசியே வேண்டுமா என்றும் கேட்கலாம். மார்ச் முதல் மே வரை புனேக் காற்று உலர்ந்தது. அந்தக் காற்றில் தண்ணீர்க் கூலர் நன்றாக வேலை செய்யும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் ஈரக் காற்று. அங்கே கூலர் வீண். ஊரில் இருக்கும் அண்ணன் "கூலர் வாங்காதே" என்று சொன்னால், அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி.

இனி மின்சாரம். நல்ல ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் ஆகும். இரவு எட்டு மணி நேரம் என்றால் எட்டு யூனிட். மாதம் 240. அறை குளிர்ந்தபின் செலவு குறையும். என்றாலும் கூடுதல் கணக்கையே பார்ப்பது நல்லது. வீட்டின் மற்ற செலவு 100 யூனிட் என்றால் மொத்தம் 340. மகாராஷ்டிரத்தில் 100 யூனிட்டைத் தாண்டினால் ஒரு விலை, 300-ஐத் தாண்டினால் அதைவிடக் கூடிய விலை. தவணை ஒரு பக்கம், கரண்ட் பில் ஒரு பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ஏசியின் மேல் நட்சத்திரம் போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 2010 முதல் இது கட்டாயம். நட்சத்திரம் கூடினால் மின்சாரம் குறையும். விதியை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்து ஆகாது. எனவே ஆண்டைப் பார்க்க வேண்டும். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கலாம். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தாம். குளிரூட்டும் அளவு வாட்டில் இருக்கும். ஒரு டன்னுக்கு 3,500-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும். இரண்டு ஏசிகளின் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைவு என்று விரல் வைத்துப் படிக்கலாம்.

வாங்கிய பின் 18 டிகிரியில் வைக்கத் தேவையில்லை. 2020 முதல் வரும் நட்சத்திர ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதனுடன் மின்விசிறியும் மெதுவாகச் சுற்றினால் பாட்டிக்குப் போர்வை தேட வேண்டியிருக்கும்.

பின்குழாயில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைக்கலாம். அதைக் குடிக்கக் கூடாது. தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம்.